மொட்டைமாடிக் காற்றுக்குழாய்

வடகம் காயவைக்கவும் நிலவு பார்க்கவும் மொட்டைமாடிக்கு ஏறுகிறவர்கள் ஏறிட்டும் பாராத பொருள் ஒன்று அங்கே, கைப்பிடிச் சுவரின் ஓரத்தில், தலையில் குல்லாய் ஒன்றைக் கவிழ்த்துக்கொண்டு மௌனமாக நிற்கிறது. கழிவுநீர்க் குழாய்க்குச் சுவாசம் அளிக்கும் காற்றுக்குழாயைத்தான் சொல்லுகிறேன். கீழே வாளித் தண்ணீரைச் சாய்க்கும்போது, விரைந்திறங்கும் நீர் தன் பின்னே காற்றை இழுக்க, இழுபடக் காற்று கிடைக்காவிடில், குழாயின் வளைவிலே துர்க்கந்தத்துக்குக் காவலாய்த் தேங்கி நிற்கும் இரண்டங்குல நீரையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு போய்விடும். "களக், களக்" என்று குழாய் விக்கல் எடுப்பது அந்தத் தவிப்பினால்தான். மேலே வாய் திறந்திருக்கும் வீட்டிலோ, தண்ணீர் ஒரே சீராக, நீண்டதொரு பெருமூச்சோடு இறங்கி அடங்குகிறது. காதுள்ளவனுக்கு அது சுகமான சப்தம்.

காற்றுக்குழாயை நிறுத்துகிற கைத்திறனும் ரசிக்கத்தக்கதே. தூக்குக்குண்டின் நூல் ஆடி அடங்கும்வரை பொறுத்திருந்து, அறுத்த விளிம்பின் பிசிறை அரத்தால் நீக்கி, விரலால் ஒருமுறை வருடிப் பார்த்து, பசை தடவிய முனையைச் சற்றே திருகிச் செருகிவிட்டு, அது பிடிக்கும்வரை கையை எடுக்காமல் நிற்கும் குழாய்க்காரரின் முகத்தில் ஒரு வைத்தியரின் நிதானம் தெரியும். உச்சியில் கொசு நுழையாதபடி வலைத்துண்டைக் கட்டுவதிலும் அதே சிரத்தை. (அழகைக் கருதி உயரத்தைக் குறைத்து, ஜன்னலுக்கு நேராகக் குழாயை முடித்துக்கொள்ளும் வீட்டுக்காரரிடம் நான் வாதாடுவதில்லை, அவருடைய நாசி வாதாடும்.) ஆடிக்காற்று குறுக்கே வீசும் இரவுகளில் எங்கள் வீட்டுக் குழாய் மெல்ல, மந்திர ஸ்தாயியில், ஏதோ முனகிக்கொண்டிருக்கும், குல்லாயின்மேல் காக்கை வந்து உட்காரும்வரை.