உதைபந்தாட்ட நடுவரும் இரசிகர் சினமும் – ஒரு விமர்சன நோக்கு

உதைபந்தாட்டத்தைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் எண்ணிலடங்கா. ஆயினும் அவ்விளையாட்டை இலக்கிய உணர்வோடு அணுகியவை ஒப்பீட்டளவிற் சிலவே. அச்சிலவற்றுள் உருகுவே நாட்டு எழுத்தாளர் எடுவார்டோ கலியானோ (1940–2015) 1995 இல் ஸ்பானிய மொழியில் வெளியிட்ட நூல் தலையாயது. 'வெயிலிலும் நிழலிலும் உதைபந்தாட்டம்' என அதன் பெயரைத் தமிழிற் சுட்டலாம். சிறு சிறு அத்தியாயங்களாலான அந்நூலில் ஆட்டக்காரர், கோல் காப்பாளர், இரசிகர் என்போருக்கு வாய்த்தது போலவே நடுவருக்கும் தனியான ஓர் அத்தியாயம் வாய்த்துள்ளது. இரசிகர்கள் நடுவர்மீது கொள்ளும் சினத்தை விளங்கிக்கொள்ள முனையும் எவரும் இவ்வத்தியாயத்தைக் கடந்து செல்ல முடியாது. அதேவேளை, அதனோடு நின்றுவிடவும் முடியாது.

கலியானோவின் வாதம் சுருக்கமானது. தோல்விக்கு ஒரு பொறுப்பாளி தேவை. அத்தேவையை நிறைவு செய்பவரே நடுவர். வென்றவர் தம் திறமையால் வென்றதாகக் கருதுவர். தோற்றவர் நடுவரால் தோற்றதாகக் கூறுவர். ஆகவே, இரசிகரின் வெறுப்பு நடுவரின் செயலிலிருந்து பிறப்பதன்று. அது இரசிகரின் உள்ளத் தேவையிலிருந்து பிறப்பது. அங்கதச் சுவை ததும்பும் நடையிற் கூறப்படும் இக்கருத்தில் உண்மை உண்டு என்பது மறுக்கற்பாலதன்று.

அவ்வுண்மைக்கு வரலாறும் சான்று பகர்கின்றது. 1966 யூலை 30 ஆம் திகதி வெம்பிளி அரங்கில் இங்கிலாந்தும் மேற்கு ஜேர்மனியும் மோதிய உலகக் கிண்ண இறுதியாட்டத்தின் மேலதிக நேரத்தில், ஜெஃப் ஹேர்ஸ்ற் உதைத்த பந்து குறுக்குக் கம்பத்திற் பட்டுக் கீழே வீழ்ந்தது. பந்து கோட்டைக் கடந்ததா என்பதைத் தாமாக அறியவியலாத சுவிற்சர்லாந்து நடுவர் கொட்பிரீட் டீன்ஸ்ற், எல்லைக்கோட்டு நடுவராக நின்ற தோபிக் பஹ்ராமோவை அணுகிக் கேட்டபின் கோல் எனத் தீர்ப்பளித்தார். ஆட்டம் 4–2 என இங்கிலாந்துக்குச் சாதகமாக முடிந்தது. ஜேர்மனியில் 'வெம்பிளி கோல்' என்பது அன்றுதொட்டு ஒரு வழக்குச் சொல்லாகிவிட்டது. பஹ்ராமோவின் தாயகமான அசர்பைஜானிலோ, தலைநகர் பாகுவிலுள்ள பேரரங்கு ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. நாற்பத்து நான்கு ஆண்டுகளின் பின்னர், 2010 யூன் 27 ஆம் திகதி தென்னாபிரிக்காவில் அதே இரு நாடுகளும் மோதியவேளை, பிராங்க் லம்பார்ட் உதைத்த பந்து கோட்டைத் தெளிவாகக் கடந்தும் கோல் வழங்கப்படவில்லை. ஜேர்மனி 4–1 என வென்றது. 1966 இன் தீர்ப்பை ஐயமின்றி ஏற்றிருந்த இங்கிலாந்தில் அநீதி என்ற குரல் ஓங்கிற்று. ஜேர்மனியிற் பலர் பழைய கடன் தீர்ந்ததாகக் கண்டனர். நீதியின் அளவுகோல் அவரவர் அணிந்திருக்கும் மேற்சட்டையின் நிறத்தைப் பொறுத்து மாறுகின்றது என்ற கலியானோவின் நோக்கு இங்கு பொருந்தியே வருகின்றது.

ஆயினும், சினத்தை முழுவதுமாக உளவியலுக்குள் அடக்கிவிடுவதே அவ்வத்தியாயத்தின் குறைபாடு எனலாம். நடுவர் என்ற பதவி எவ்வாறு தோன்றியது என்பதை நோக்கும்போது இக்குறைபாடு புலனாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் கனவான்களின் பொழுதுபோக்காக இவ்விளையாட்டு ஆடப்பட்ட காலத்தில், பிணக்குகளை இரு அணித் தலைவர்களுமே பேசித் தீர்த்தனர். பின்னர் ஒவ்வோர் அணியும் தன் சார்பில் ஒரு கண்காணிப்பாளரை நிறுத்தியது. அவ்விருவருக்குமிடையில் உடன்பாடு எட்டப்படாதபோது மட்டும் கருத்துக் கேட்பதற்கென மூன்றாமவர் ஒருவர் ஆடுகளத்துக்கு வெளியே இருந்தார். 'ரெபரி' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு, பிணக்கு எவரிடம் கொண்டு செல்லப்படுகின்றதோ அவர் என்பதே பொருள். தமிழில் வழங்கும் 'நடுவர்', 'மத்தியஸ்தர்' என்னும் சொற்கள் நடுவில் நிற்பவரைக் குறிக்கின்றன. ஆங்கிலச் சொல்லோ கேட்கப்பட்டவரைக் குறிக்கின்றது. இவ்வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது.

1885 இல் இங்கிலாந்தில் தொழில்முறை ஆட்டம் சட்டபூர்வமாக்கப்பட்டது. 1888 இல் லீக் போட்டி தொடங்கியது. 1891 இல் அம்மூன்றாமவர் ஆடுகளத்தினுள் அழைத்துவரப்பட்டார். அணிகளின் கண்காணிப்பாளர்கள் எல்லைக்கோட்டு நடுவர்களாயினர். தண்ட உதை விதியும் அதே ஆண்டிலேயே உருவாயிற்று. இந்நிகழ்ச்சிகள் ஒன்றையடுத்து ஒன்றாக நிகழ்ந்தமை தற்செயலன்று. கூலி பெறும் ஆட்டக்காரரும் நுழைவுச் சீட்டுக்குப் பணம் செலுத்தும் பார்வையாளரும் தோன்றியபின் கனவான்களின் வாய்மொழி போதுமானதாக இருக்கவில்லை. கேட்டபோது மட்டும் பேசியவர் கேளாமலே தீர்ப்பளிப்பவரானார். அதிகாரம் வளர்ந்தது. ஆனால் அதற்கான காரணத்தைப் பார்வையாளருக்கு உரைக்கும் கடப்பாடு அதனோடு வளரவில்லை. இரசிகரின் சினத்துக்கு உளவியல் வேர் ஒன்று உண்டெனில், இந்தச் சமூக வேரும் உண்டு. கலியானோ முன்னதைக் கண்டார். பின்னதைக் காணத் தவறினார்.

இவ்விடத்தில் இன்னொரு படைப்பையும் ஒப்புநோக்குதல் பயனுடையது. ஈவ் இனான் முதலியோரின் நெறியாள்கையில் 2009 இல் வெளிவந்த 'நடுவர்கள்' எனப் பொருள்படும் பெல்ஜிய ஆவணப்படம், 2008 ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் நடுவர்களைப் பின்தொடர்கின்றது. உடைமாற்றும் அறைக்குள்ளும் குடும்பங்களுக்குள்ளும் கமெரா நுழைகின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்டத்தின்போது நடுவர்கள் தமக்குள் ஒலிவாங்கி மூலம் பேசிக்கொள்வது பார்வையாளருக்குக் கேட்கின்றது. இதுவே படத்தின் பெரும்பேறு.

படத்தின் மையமான நிகழ்ச்சி 2008 யூன் 12 ஆம் திகதி வியன்னாவில் ஒஸ்திரியாவும் போலந்தும் ஆடிய ஆட்டமாகும். போலந்தின் கோல் ஓஃப்சைட் நிலையிலிருந்து பெறப்பட்டது, கொடி உயரவில்லை. தொண்ணூறு நிமிடங்கள் கடந்த பின்னர், போலந்து வீரர் ஒருவர் எதிரணியினரின் மேற்சட்டையைப் பற்றி இழுத்தமைக்காக ஆங்கிலேய நடுவர் ஹவார்ட் வெப் தண்ட உதை வழங்கினார். ஆட்டம் 1–1 எனச் சமநிலையில் முடிந்தது. வெப்புக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. போலந்தின் பிரதமர் டொனால்ட் ருஸ்க் கூட, முந்திய இரவு கொல்ல வேண்டும் போலிருந்தது எனப் பகிரங்கமாகக் கூறினார். தமக்குச் சாதகமாக அமைந்த முதற் பிழையைச் சினங்கொண்டோர் மறந்தமை கலியானோவின் கூற்றை மெய்ப்பிக்கின்றது. ஆனால் தண்ட உதை எவர் செய்த எக்குற்றத்துக்காக வழங்கப்பட்டது என்பதை அரங்கிலிருந்தோருக்கு அவ்வேளை எவரும் கூறவில்லை என்பதும் உண்மையே. விசிலின் ஓசையும் நீட்டிய கையுமே அவர்களுக்குக் கிட்டிய தீர்ப்புரை.

திரைப்படத்தைப் பார்ப்பவன் நடுவரை மன்னிக்க ஆயத்தமாகின்றான். நடுவர் பிழைவிடாதவர் என அவன் உணர்ந்ததால் அன்று. அவர் ஐயுற்றும், வினாவியும், அஞ்சியும் முடிவெடுப்பதைச் செவியால் கேட்டதால். அரங்கிலிருந்த இரசிகனுக்கு மறுக்கப்பட்டது இதுவே. ஆனால் தன் ஆற்றலிலிருந்து எழும் இந்த முடிவைப் படம் தானே பற்றிக்கொள்ளவில்லை. நடுவர்களின் பக்கத்தில் நின்று அது நோக்குவதால், இரசிகர் பெரும்பாலும் இரைச்சலாகவும் அச்சுறுத்தலாகவுமே அதில் இடம்பெறுகின்றனர்.

அச்சுறுத்தல் மெய்யானதென்பதை எவரும் மறுக்க முடியாது. சுவீடனின் நடுவர் அண்டர்ஸ் பிரிஸ்க், செல்சி–பார்சலோனா ஆட்டத்தின் பின்னர் கிடைத்த கொலை மிரட்டல்கள் காரணமாக 2005 இல் நடுவர் பணியிலிருந்தே விலகினார். ஒரு மனிதனின் தொழிலையும் குடும்பத்தின் அமைதியையும் பறிக்கும் சினத்தை நியாயமென எவரும் போற்றார். எனினும், சினத்தின் விளைவுக்கு இரசிகரை மட்டும் குற்றஞ்சாட்டுவதும் வரலாற்றுக்கு ஒவ்வாது. 1964 மே 24 ஆம் திகதி பெருவின் தலைநகர் லீமாவில், ஆர்ஜென்ரீனாவுக்கு எதிரான ஒலிம்பிக் தகுதிகாண் ஆட்டத்தில் பெருவின் கோல் ஒன்று மறுக்கப்பட்டபோது சிலர் களத்தினுள் பாய்ந்தனர். பொலிசார் பார்வையாளர் மேடைகளை நோக்கிக் கண்ணீர்ப்புகை வீசினர். தப்பி ஓடியோர் படிக்கட்டுகளின் அடியில் மூடப்பட்டிருந்த கதவுகளின் முன் மூச்சுத்திணறி மாண்டனர். உத்தியோகபூர்வக் கணக்கின்படி இறந்தோர் 328 பேர். மறுக்கப்பட்ட கோலினால் அத்துணைபேர் இறந்தனர் என வழமையாகச் சொல்லப்படுகின்றது. உண்மையில் அவர்களுள் மிகப் பெரும்பாலோரைக் கொன்றவை புகையும் பூட்டிய கதவுகளுமே.

2010 இன் நிகழ்ச்சிக்குப் பின்னர், பிழையை இயந்திரத்தால் ஒழிக்கலாம் என்ற நம்பிக்கை வலுப்பெற்றது. கோல்கோட்டுத் தொழில்நுட்பம் 2012 இல் அங்கீகரிக்கப்பட்டு 2014 உலகக் கிண்ணத்திற் பயன்பட்டது. 'வார்' என வழங்கும் காணொளி உதவி நடுவர் முறை 2018 இல் ஆட்ட விதிகளில் இடம்பெற்று, 2019–20 பருவத்தில் இங்கிலாந்தின் பிரிமியர் லீக்கை வந்தடைந்தது. ஆனால் அப்பருவத்திலேயே, 2020 யூன் 17 ஆம் திகதி அஸ்ரன் வில்லாவுக்கு எதிராக ஷெவீல்ட் யுனைற்றெட் உதைத்த பந்தைக் கோல் காப்பாளர் கோட்டுக்கு அப்பால் ஏந்திச் சென்றபோது கோல்கோட்டுக் கருவி மௌனம் சாதித்தது. கமெராக்கள் மறைக்கப்பட்டிருந்தன என்றும், 9,000 இற்கும் மேற்பட்ட ஆட்டங்களில் இவ்வாறு நேர்ந்தது இதுவே முதற்றடவை என்றும் கருவியை இயக்கிய நிறுவனம் கூறி மன்னிப்புக் கோரியது. ஆட்டம் 0–0 என முடிந்தது. பருவ முடிவில் வில்லா 35 புள்ளிகளுடன் தப்பியது. 34 புள்ளிகள் பெற்ற போர்ன்மத் தரமிறக்கப்பட்டது.

இதனினும் சிந்தனைக்குரியது 2023 செப்ரெம்பர் 30 ஆம் திகதி ரொட்டன்ஹாம்–லிவர்பூல் ஆட்டத்தில் நிகழ்ந்தது. லூயிஸ் டியாஸ் பெற்ற கோலுக்கு எதிராக ஓஃப்சைட் கொடி உயர்ந்தது. காணொளி அறையிலிருந்தோர் கோல் முறையானதென்றே கண்டனர். ஆனால் களத்தில் வழங்கப்பட்ட முடிவும் கோல் என்றே தவறாக எண்ணி, பரிசீலனை நிறைவுற்றதெனக் கூறிவிட்டனர். சில கணங்களில் தவறை உணர்ந்தபோதிலும், ஆட்டம் மீளத் தொடங்கிவிட்டதால் தலையிட முடியாதெனக் கைவிட்டனர். லிவர்பூல் 2–1 எனத் தோற்றது. கருவி பிழைக்கவில்லை, கண்ணும் பிழைக்கவில்லை. பிழைத்தது மனிதருக்கிடையிலான சொல். நடுவர் அமைப்பு பிழையை ஒப்புக்கொண்டது. சில நாள்களில் உரையாடலின் ஒலிப்பதிவும் வெளியிடப்பட்டது. அதனைக் கேட்டபின் இது சதியன்று, குழப்பமே எனப் பலர் ஏற்கக்கூடியதாயிற்று. அரங்கிலேயே அது கேட்டிருப்பின் குழப்பமும் அங்கேயே நீங்கியிருக்கக்கூடும்.

ஆகவே, தொழில்நுட்பம் பிழையைக் குறைத்தபோதும் சினத்தைக் குறைக்காதது ஏன் என்ற வினாவுக்கு விடை கிட்டுகின்றது. முன்னர் தீர்ப்பளித்தவர் அனைவர் கண்முன்னும் நின்றார். இன்றோ தீர்ப்பின் ஒரு பகுதி எங்கோ ஓர் அறைக்குள் உருவாகின்றது. கோலைக் கண்டு எழுந்த இரசிகன் மகிழ்வதா வேண்டாமா என அறியாது நிற்கின்றான். 2024 யூனில் இம்முறையைக் கைவிடுமாறு வுல்வர்ஹம்ரன் கழகம் கொணர்ந்த பிரேரணை பிரிமியர் லீக் கழகங்களிடையே 19–1 எனத் தோற்றது. மாறாக, கழகங்களின் வாக்குரிமையிற் பெரும்பங்கு உறுப்பினரிடமே உள்ள சுவீடனில், இரசிகரின் எதிர்ப்பினால் அம்முறை அறிமுகப்படுத்தப்படவில்லை. வாக்கு எவர் கையிலுள்ளதோ அதற்கேற்ப முடிவும் வேறுபடுகின்றது.

பிற விளையாட்டுகள் இதற்கு வழிகாட்டியுள்ளன. றக்பியில் நடுவரும் காணொளி நடுவரும் உரையாடுவதைப் பார்வையாளர் நெடுங்காலமாகவே கேட்டு வருகின்றனர். கிரிக்கெட்டில் தீர்ப்பை மீளாய்வு செய்யக் கோரும் உரிமை ஆட்டக்காரருக்கே வழங்கப்பட்டது. அம்முறை முதன்முதலிற் பரீட்சிக்கப்பட்டது 2008 இல் இலங்கையில் நடைபெற்ற இந்திய–இலங்கை ரெஸ்ற் தொடரிலேயாகும். உதைபந்தாட்டமும் தயங்கித் தயங்கி அப்பாதையில் அடியெடுத்து வைத்துள்ளது. 2023 மகளிர் உலகக் கிண்ணத்தில் மீளாய்வின் முடிவை நடுவர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். 2025 யனவரியில் இங்கிலாந்தின் லீக் கிண்ண அரையிறுதியிலும் அவ்வாறு நிகழ்ந்தது. சில சொற்களே ஆயினும், கேட்கப்பட்டவர் மீண்டும் விடை கூறத் தொடங்கியுள்ளார் என்பதற்கு அவை அறிகுறியாகும்.

வள்ளுவர் 'நடுவு நிலைமை' அதிகாரத்தில் நீதிக்குத் துலாக்கோலை உவமையாக்கினார். துலாக்கோலின் சிறப்பு அது பிழையாமையில் மட்டும் தங்கியதன்று. தட்டுகள் இரண்டும் எல்லோர் கண்ணுக்கும் தெரியத் தொங்குவதிலும் அது தங்கியுள்ளது. இரசிகனின் சினத்திற் பக்கச்சார்பு உண்டென்று காட்டிய வகையில் கலியானோவின் அத்தியாயம் நிலைத்து நிற்கும். நடுவரும் அச்சமுறும் மனிதரே என உணர்த்திய வகையில் பெல்ஜியப் படமும் நிலைத்து நிற்கும். ஆனால் அச்சினத்தினுள் காரணத்தைக் கேட்கும் உரிமைக்குரல் ஒன்று உள்ளது என்பதை இரண்டுமே போதிய அளவு செவிமடுக்கவில்லை. அக்குரலுக்கு விடை கிடைக்குமாயின் பக்கச்சார்பு ஒழிந்துவிடும் எனக் கொள்வதற்கில்லை. தோல்வி அன்றும் கசக்கவே செய்யும். ஆயினும், காரணம் அறிந்து தோற்பதற்கும் காரணம் அறியாது தோற்பதற்கும் இடையிலான வேறுபாடு சிறிதன்று.