வாத்தியாரின் நுரையீரல்

வடசென்னை குத்துச்சண்டை பற்றி 2021க்குப் பிறகு தமிழில் நிறைய எழுதியாகிவிட்டது. பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' அந்த வருஷம் ஜூலையில் வந்ததும் சிறுபத்திரிகைக்காரர், பேராசிரியர், கட்சிக்காரர் என்று ஆளுக்கொரு கட்டுரை எழுதினார்கள். அவசரநிலை பற்றி எழுதினார்கள். தி.மு.க. பற்றி எழுதினார்கள். பரம்பரை மானம், கபிலனின் தோள், டான்சிங் ரோஸின் கால் எல்லாவற்றையும் பற்றி எழுதினார்கள். தேடித்தேடிப் படித்தேன். நான் படித்த பக்கங்களில் ஒரே ஒரு உறுப்பைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. நுரையீரல். மூணு நிமிஷ ரவுண்டில் ஒருவனை நிற்க வைப்பது கை இல்லை, மூச்சுதான் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பையனுக்கும் தெரியும். விமர்சகர்களுக்குத் தோன்றவில்லை.

இதைத் தற்செயல் என்று விட்டுவிட முடியாது. தசை கண்ணுக்குத் தெரியும், மூச்சு தெரியாது. தசையைப் பார்த்துக் கைதட்டலாம், கூலிக்கும் எடுக்கலாம். அந்த உழைப்பு ஆளின் உள்ளே போய் என்ன செய்தது என்று தெரிய வேண்டுமானால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நம் விமர்சனம் இன்னும் எக்ஸ்ரே எடுக்கப் பழகவில்லை.

முதலில் படத்துக்குச் சேர வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஒருவனைக் கதையின் மய்யத்தில் நிறுத்தியது பெரிய காரியம். மேடையில் ஜெயிக்கப் போகிற நேரத்தில் விளக்கை அணைத்துக் கலவரம் செய்து அவனை அம்மணமாக்குகிற காட்சியில், சாதி நம் உடம்பின்மேல் எப்படிக் கை வைக்கும் என்பதைப் பாடம் நடத்தாமல் காட்டினார்கள். சாராயத்தில் விழுந்த கபிலனின் தொப்பையையும் காட்டினார்கள். கதாநாயகன் உடம்பு கெட்டுப்போவதைக் காட்டத் தமிழ் சினிமாவில் ஒரு துணிச்சல் வேண்டும். அது இதில் இருந்தது.

என் கேள்வி அதற்கப்புறம்தான் வருகிறது. அந்தத் தொப்பை ஒரு பாட்டுக்குள் கரைந்துவிடுகிறது. பீடி ராயப்பன் என்கிற பழைய குத்துச்சண்டைக்காரர் கடலிலும் மணலிலும் கபிலனைப் பழக்குகிறார், பாட்டு முடியும்போது புது உடம்பு தயார். சினிமாவுக்கு அந்த வசதி உண்டு. ஆனால் வாத்தியாரின் பெயரில் பீடி ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அந்தப் பீடியின் கணக்கு என்னவாயிற்று? பேரைக் கேட்டதும் நமக்குச் சிரிப்பு வருகிறது. அந்த மனிதர் எப்படி மூச்சு விடுகிறார் என்று யாரும் கேட்கவில்லை. தொப்பை கரைகிற உடம்பு, நுரையீரல் கரையாத உடம்பு. முன்னது பாட்டுக்கு உதவும். பின்னதை வைத்துக்கொண்டு பாட்டு எடுக்க முடியாது.

சினிமாவில் வாத்தியாருக்கு நோய் வந்தால் அது யாருக்காக வருகிறது என்று பாருங்கள். 1982இல் வந்த மூன்றாவது 'ராக்கி' படத்தில் மிக்கி என்கிற கிழட்டு வாத்தியார் மாரடைப்பில் சாகிறார். அவர் சாவது நாயகன் துவண்டு எழுவதற்கு. 2015இல் வந்த 'கிரீட்' படத்தில் அதே ராக்கி வாத்தியாராகிவிட்டார், அவருக்குப் புற்றுநோய். மருந்து வேண்டாம் என்கிறவரை அந்தக் கறுப்புப் பையன் மல்லுக்கட்டிச் சம்மதிக்க வைக்கிறான், ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி நடக்கிறது. இது கொஞ்சம் நேர்மையான படம், நோயாளி உயிரோடு இருந்துகொண்டே கற்றுக்கொடுக்கிறார். ஆனாலும் நோய் அங்கேயும் ஏணிதான். பையன் மேலே ஏற வாத்தியார் இருமுகிறார்.

தமிழ் சினிமாவின் இருமலுக்குத் தனிச் சாதியே உண்டு. 'பாலும் பழமும்' (1961) படத்தில் சரோஜாதேவிக்குக் காசநோய். புருஷன் டாக்டர். அந்த நோய் பெண்ணின் தியாகத்துக்குப் பூசிய மஞ்சள்போல அழகாக இருக்கும். இலக்கியத்திலும் இதே கதைதான். புதுமைப்பித்தன் 1948இல் காசநோயில் செத்தது தமிழ் எழுத்தின் துயரமாக இன்றுவரை சொல்லப்படுகிறது, சொல்ல வேண்டியதுதான். உலக இலக்கியத்தில் நெஞ்சுநோய் என்றால் தாமஸ் மன்னின் 'மாய மலை', 1924. பனிமலை, சானடோரியம், போர்வை போர்த்திக்கொண்டு தத்துவம் பேசுகிற நோயாளிகள். காசநோயை இப்படி மெல்லிய ஆத்மாக்களின் நோயாக ஆக்கிவைத்த புனைவை சூசன் சான்டாக் 1978இலேயே உடைத்தார். அந்த வாதத்தை நாம் நம் ஊருக்குக் கொண்டுவந்து இன்னொரு கேள்வியும் சேர்க்க வேண்டும். போர்வை போர்த்திக்கொள்ள மலை இல்லாதவன் நோயோடு என்ன செய்தான்?

இதற்கு மெட்ராஸிலேயே பதில் இருக்கிறது. 1956இல் இங்கே காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கினார்கள். நெரிசலான குடிசைப் பகுதிகளின் ஏழை நோயாளிகளை எடுத்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தும் இன்னொரு பகுதியினரை அவரவர் வீட்டிலேயே வைத்தும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். நல்ல சாப்பாடு இல்லை, ஓய்வு இல்லை, ஒரே அறையில் ஏழெட்டுப் பேர். இருந்தும் மருந்து ஒழுங்காகப் போனால் வீட்டிலேயே குணமாகும் என்று தெரிந்தது. முடிவு 1959இல் வெளிவந்தது. உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியத்தின் போக்கே அதனால் மாறியது. மருத்துவ வரலாறு அதை 'மெட்ராஸ் ஆய்வு' என்று சொல்கிறது. ஊர் பேர் இருக்கிறது, உடம்பு கொடுத்தவர்களின் பேர் இல்லை. சேரிகளும் குப்பங்களும் நெஞ்சைத் திறந்து கொடுத்த அறிவு அது. தமிழில் அதைப் பற்றி ஒரு நாவல் இருக்க வேண்டாமா?

இனி எனக்குத் தெரிந்த ஒரு வாத்தியாரைப் பற்றிச் சொல்கிறேன். என் பெரியப்பா. எழுபது தாண்டிவிட்டது. துறைமுகத்தில் நிலக்கரி வாரியவர். சாயங்காலம் குளித்துவிட்டு வந்து தெருவிளக்குக்குக் கீழே பையன்களுக்கு குத்துச்சண்டை சொல்லிக்கொடுப்பார், காசு வாங்கமாட்டார். இருபத்தைந்து வயதில் காசநோய் வந்தது. அன்றைக்கு வருஷக்கணக்கில் மருந்து எடுக்க வேண்டும், ஊசியும் உண்டு. ஊசிக்கு வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். பாதியில் விட்டார், திரும்ப வந்தது, திரும்ப எடுத்தார். கிருமி செத்தது, நுரையீரலில் தழும்பு தங்கிவிட்டது. அதற்குமேல் கரித்தூசு, அதற்குமேல் பீடி. இப்போது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். டாக்டர்கள் சி.ஓ.பி.டி. என்பார்கள். எங்கள் தெருவில் 'எளப்பு' என்போம்.

இந்த நோயில் பெரும்பாடு காற்றை உள்ளே இழுப்பதில் இல்லை, வெளியே விடுவதில் இருக்கிறது. நல்ல நுரையீரல் முழுக்க இழுத்து வேகமாக ஊதினால், வெளியே வருகிற காற்றில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் முதல் வினாடியிலேயே வந்துவிடும். இவர்களுக்கு வராது. குழாய்கள் சுருங்கிப்போய், பழங்காற்று உள்ளே மாட்டிக்கொள்கிறது. புதுக்காற்றுக்கு இடம் இல்லை. மருந்தை உறிஞ்சினால் குழாய் கொஞ்சம் திறக்கும். போன நுரையீரல் திரும்ப வராது.

இப்படிப்பட்டவர் எப்படி வாத்தியாராக இருப்பார்? இருக்கிறார், அதுதான் விஷயம். இரண்டு ரவுண்டுக்கு நடுவில் மூலையில் கிடைப்பது ஒரு நிமிஷம். அந்த அறுபது வினாடியில்தான் வாத்தியார் பேச வேண்டும். முன்னெல்லாம் பெரியப்பா அந்த நேரத்தில் வசவையும் சேர்த்து நாற்பது வார்த்தை பேசுவார். இப்போது ஒரு மூச்சில் மூணு வார்த்தைக்கு மேல் வராது. அதனால் மூணு வார்த்தையில் சொல்லப் பழகிவிட்டார். "இடது தூக்கு. கால பாரு. மூச்ச வுடு." மீதியைக் கையால் காட்டுவார். பையன்கள் அவர் கண்ணைப் பார்க்கப் பழகிவிட்டார்கள். பேட் பிடிக்க முடியாது, பழைய சிஷ்யன் ஒருத்தன் பிடிக்கிறான். இவர் ஸ்டூலில் உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து, இரண்டு கையையும் தொடையில் ஊன்றிக்கொண்டு பார்க்கிறார். மூச்சு வாங்கும்போது அப்படி உட்காரத்தான் ஆஸ்பத்திரியிலும் சொல்லித்தருகிறார்கள். அது தெரியாதவர்கள், வாத்தியார் சண்டையை உன்னிப்பாகக் கவனிக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அதுவும் உண்மைதான்.

ஒருமுறை மூச்சுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். உதட்டைக் குவித்து, விசில் அடிக்கிற மாதிரி மெதுவாக நீளமாக ஊதச் சொன்னார்கள். அப்படி ஊதினால் குழாய்கள் சட்டென்று மூடிக்கொள்ளாது, மாட்டிக்கொண்ட காற்று வெளியேறும். பெரியப்பா வீட்டுக்கு வந்து சிரித்தார். "இன்னாடா இது. நாப்பது வருசமா பசங்களுக்கு நான் சொன்னது தானே? குத்து வுடும்போது மூச்ச வுடு, அடக்காதேன்னு. இப்போ எனக்கே கிளாஸ் எட்றாங்கோ." அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் இன்னும் நல்லா சொல்லியிருப்பேன்" என்றார்.

தோழர்களே, இந்த இடத்தில் விமர்சனத்துக்கு வேலை இருக்கிறது. மூச்சைப் பற்றிய அறிவு என்றால் இந்த நாட்டில் பிராணாயாமம், ரிஷி, ஆசிரமம். அதற்கு நூல் உண்டு, குரு உண்டு, கட்டணம் உண்டு. மூட்டை தூக்குகிறவன் படிக்கட்டில் எந்த இடத்தில் மூச்சை விட வேண்டும், குத்து வாங்குகிறவன் எப்போது வயிற்றை இறுக்க வேண்டும் என்பதெல்லாம் அறிவுக் கணக்கில் வராது. வாத்தியார் என்கிற பேரை நாமே கொடுத்துக்கொண்டோம், ஊர் கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நடந்த இன்னொன்று. ஒரு டாக்டர், சின்ன வயசு, கேட்ட முதல் கேள்வி "பீடி எத்தனை?" என்பது. பதிலை எழுதிக்கொண்டார். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கடைசிவரை கேட்கவில்லை. பீடி நுரையீரலைக் கெடுக்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, பெரியப்பாவோடு அதற்காக எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் சீட்டில் பீடி மட்டும் ஏறினால் நோய்க்கு அவரே குற்றவாளி ஆகிறார், கரி தப்பித்துக்கொள்கிறது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் ஓடத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வதை நீதிமன்றம் 2011இல்தான் நிறுத்தியது, அதுவும் தூசு நகரத்துக்குள் வந்து படிகிறது என்ற வழக்கில். வாரியவனின் நெஞ்சுக்குள் படிந்ததற்கு வழக்கு இல்லை. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் அமோனியா கசிந்து, ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவில் ஓடினார்கள். பீடி குடிக்காத குழந்தைகளும் ஓடின.

மலக்குழியில் மூச்சு முட்டிச் சாகிறவர்களுக்கு 2013இல் சட்டம் வந்தது. 2014இல் உச்சநீதிமன்றம் பத்து லட்சம் என்றது, 2023இல் முப்பது லட்சம் என்றது. சாவுகள் நிற்கவில்லை. அங்கே மூச்சு ஒரு நிமிஷத்தில் நிற்கிறது, இங்கே முப்பது வருஷத்தில் நிற்கிறது. வேகம்தான் வேறு. மெதுவாகச் சாகிறவனுக்குப் போஸ்டர்கூட இல்லை.

நம் தரப்பிலும் ஒரு கோளாறு இருக்கிறது, அதையும் பேசியாக வேண்டும். 'எங்கள் உடம்பு உரமான உடம்பு, பார்ப்பன உடம்பு நோஞ்சான் உடம்பு' என்று ஒரு காலத்தில் பெருமையாக எழுதினோம். இழிவு என்றதைத் திருப்பி அடிக்க அது தேவைப்பட்டது. ஆனால் உரமான உடம்பு என்பது ஆண்டையும் சொன்னதுதானே. அவன் உழவுக்குச் சொன்னான், கங்காணி மூட்டைக்குச் சொன்னான். அதே சொல்லை நாம் பாட்டாகப் பாடினால், உரம் போன உடம்புக்கு நம் இலக்கியத்திலும் இடம் இல்லாமல் போகிறது. நோயைக் காட்டினால் பரிதாபம் ஆகிவிடுமே என்று தோழர் ஒருவர் என்னிடம் வாதாடினார். காட்டுகிற விதத்தில் இருக்கிறது தோழர். இரத்தம் கக்கிச் சாகிற கிழவரைக் காட்டினால் பரிதாபம். மூணு வார்த்தையில் சண்டையைத் திருப்புகிற கிழவரைக் காட்டினால் அது ஞானம். எதைச் சொல்ல மூச்சைச் செலவழிக்கலாம், எதைக் கண்ணால் சொல்லலாம், ஆஸ்பத்திரி மாடிப்படியில் எங்கே நிற்கலாம், யாரிடம் உதவி கேட்கலாம் என்று நாளெல்லாம் கணக்குப் போடுகிற மனிதர் அவர். அந்தக் கணக்கில் மானம் இருக்கிறது, கோபம் இருக்கிறது, நகைச்சுவையும் இருக்கிறது.

ஆகவே எழுதுகிறவர்களிடமும் படம் எடுக்கிறவர்களிடமும் என் கோரிக்கை இதுதான். குத்துச்சண்டைக் கதை சொல்லுங்கள், இன்னும் நூறு சொல்லுங்கள். வாத்தியாரைச் சாகடித்து நாயகனை எழுப்பாதீர்கள். அவரை அந்த ஸ்டூலில் உட்கார விடுங்கள். அவர் என்ன வேலை பார்த்தார் என்று கேளுங்கள். ஒரு வாக்கியத்தை முடிக்க அவருக்கு எத்தனை மூச்சு தேவையோ அத்தனையும் எடுக்கட்டும், கேமரா வெட்டாமல் காத்திருக்கட்டும். விமர்சகர்களும் இனி நம் கதைகளைப் படிக்கும்போது இதைக் கேளுங்கள்: இந்தக் கதையில் யார் மூச்சு விடுகிறார்கள், யாருடைய மூச்சில் யார் ஓடுகிறார்கள்?