‘ஃபேற்றல் விஷன்’: வீட்டுக்குள் அடைபட்ட கொலை

1984 நவம்பரில் அமெரிக்காவின் என்.பி.சி. நிறுவனம் இரு பகுதிகளாக ஒளிபரப்பிய ‘ஃபேற்றல் விஷன்’ தொடரினை வீடியோப் பதிவில் மீண்டும் நோக்குமிடத்து, அதன் வலிமையும் வரையறையும் ஒருங்கே புலப்படுகின்றன. 1970 பெப்ருவரியில் போட் பிராக் இராணுவ முகாமிலே கருவுற்றிருந்த தாயும் இரு பெண் குழந்தைகளும் கொல்லப்பட்டமையே அதன் பொருள். கணவரான இராணுவ மருத்துவர் ஜெஃப்ரி மக்டொனால்ட், போதையில் புகுந்த ஹிப்பிகளே கொன்றனர் என்றார். அவ்வாண்டே இராணுவம் குற்றச்சாட்டைக் கைவிட்டது. 1979இல் யூரர்கள் அவரையே குற்றவாளியெனக் கண்டனர்.

முதலில் மருமகனை நம்பிப் பின்னர் அவரைக் கூண்டிலேற்றப் போராடிய மாற்றாந்தந்தையாகக் கார்ள் மால்டன் நடித்திருப்பது மிகச் சிறப்பு. எமி விருது தகுதியானவருக்கே கிடைத்தது.

ஆயின், ஹிப்பிக் கதை ஏன் எடுபட்டது? 1969 ஓகஸ்டில் மான்சன் கும்பல் புரிந்த கொலைகள் நடந்து ஆறு மாதங்களே கழிந்திருந்தன. வியட்நாம் போரை எதிர்த்த இளைஞர் மீது நடுத்தர வர்க்கம் கொண்டிருந்த அச்சம், சீருடையணிந்த மருத்துவரின் சொல்லுக்குச் சான்றாக நின்றது. தொடரோ இவ்வச்சத்தின் வேர்களை நாடாது, தனிமனிதனொருவனின் மனக்கோணலையே துருவுகின்றது. சந்தேகத்துக்குள்ளான, போதைக்கு அடிமைப்பட்ட இளம்பெண் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரியொருவரின் மகள் என்பதை நாம் மறத்தலாகாது. முகாம் அஞ்சிய ‘அந்நியர்’ அம்முகாமின் வீடுகளிலேயே வளர்ந்தவர்கள். தொடர் அவ்விடத்தில் தரித்து நிற்கவில்லை.