வெள்ளை வெளிச்சத்தில் நியான் கோபி

நியான் கோபியை வெள்ளை வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். இப்போது எந்த ரீஃப் தொட்டிக்கு முன்னால் போய் நின்றாலும் நீல எல்இடியை முழுவீச்சில் எரியவிட்டிருக்கிறார்கள். பவளங்கள் பச்சையும் ஆரஞ்சுமாக ஒளிர்கின்றன, போட்டோவும் அழகாக விழுகிறது. ஆனால் தண்ணீரே நீலமாகிவிட்ட பிறகு, சொந்தமாக நீலம் வைத்திருக்கிற மீன் அதற்குள் காணாமல் போகிறது.

வெள்ளையைக் கூட்டிவிட்டுச் சற்றுப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். கறுத்த உடம்பில், தலையில் தொடங்கி வால் துடுப்புவரை ஒரே இழுப்பாக ஓடும் கோடு. மீன் திரும்பும்போது வெல்டிங் பொறிபோலச் சீறும். இன்னும் கொஞ்சம் திரும்பினால் தணிந்து சாம்பலோடு சேரும். ஐந்து சென்டிமீட்டர்கூட நீளாத உடம்பில் இவ்வளவு நடக்கிறது.

நான் சொல்வது ஓஷியனாப்ஸ் என்ற இனத்தை. ஃப்ளோரிடாவின் டிரை டார்ட்டுகாஸ் தீவுப் பக்கம் கிடைத்து, 1904-இல் மீனியலாளர் ஜோர்டன் பெயர் வைத்த மீன். கடைகளில் 'நியான்' என்று சொல்லி ஈவ்லினே என்ற இன்னொரு கோபியையும் கலந்து கொடுத்துவிடுகிறார்கள். மேலிருந்து தலையைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஈவ்லினேக்கு இரண்டு கோடுகளும் மூக்கு நுனியில் கூடிவிடும். ஓஷியனாப்ஸுக்குக் கூடாது; நடுவில் ஒரு கறுப்பு இடைவெளி அப்படியே நிற்கும். அந்த இடைவெளிதான் எனக்கு இந்த மீனின் அழகு. ஈவ்லினேயின் மஞ்சள் மூக்கைப் பெரிதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், இருக்கட்டும். முன்பெல்லாம் கடைக்காரரே தொட்டியருகே கூட்டிப்போய் இந்த வித்தியாசத்தைக் காட்டிக்கொடுப்பார். இப்போது கேட்டால் விலைப்பட்டியலை நீட்டுகிறார்கள்.

நியான் கோபியும் மற்ற மீன்களைத் துப்புரவு செய்யும் மீன்தான். ஆனால் அப்படி ஒன்று வேண்டும் என்பவர்கள் இன்னமும் கிளீனர் ராஸைத்தான் வாங்குகிறார்கள். நம் மன்னார் வளைகுடாவில் பாறைக்குப் பாறை நின்று வேலை பார்க்கிற மீன் அது. கடலில் நாள் முழுக்கப் பெரிய மீன்களின் ஒட்டுண்ணியையும் சளியையும் மேய்ந்து பிழைக்கிறது. தொட்டியில் இருக்கும் நாலைந்து மீன்களை நம்பி அது எப்படி வயிற்றை நிரப்பும்? பெரும்பாலானவை மெலிந்தே சாகின்றன. கோபிக்கு அந்தக் கதி இல்லை. உறைந்த மைசிஸையும் ஆர்ட்டீமியாவையும் முதல் நாளே எடுக்கும். துப்புரவு அதற்கு உபரி வருமானம். 40 லிட்டர் தொட்டி ஒரு ஜோடிக்குப் போதும். மாண்டரின் மீன் வளர்ப்பவர்களிடமும் இதையே சொல்வேன். அதன் அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தொட்டியிலுள்ள கோப்பிபாட் என்ற நுண்ணிரை தீர்ந்ததும் பட்டினி கிடக்கிற மீனை ரசிக்க என் மனசு ஒப்பவில்லை.

நியான் கோபியின் துப்புரவைப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் வயிற்றுத் துடுப்பை உறிஞ்சியாக ஒட்டிக்கொண்டு, தலையை லேசாகத் தூக்கி உட்கார்ந்திருக்கும். மஞ்சள் டேங் பக்கத்தில் வந்து துடுப்பை விரித்து அசையாமல் நிற்கும். கோபி ஒரு தாவலில் அதன் விலாவில் ஒட்டி, துள்ளித் துள்ளிச் செவுள் மூடிவரை போகும். டேங் செவுளைத் திறந்து கொடுக்கும். ஒன்று ஹவாய்க் கடலின் மீன், மற்றது கரீபியன் பக்கத்து மீன். கடலில் சந்திக்கவே வழியில்லாத இரண்டும் ஒன்றின் பாஷை மற்றதற்குத் தெரிந்ததுபோல நடந்துகொள்கின்றன. ஹவாய் டேங்குக்கு அங்கே தன் ஊர் கிளீனர் ராஸிடம் பழக்கம் உண்டு என்பது உண்மைதான். ஆனாலும் முன்பின் பார்த்திராத கோபிக்குச் செவுளைத் திறக்கிறதே!

ஆயுசு குறைவு என்று ஒரு குறை சொல்வார்கள். ஒன்றிரண்டு வருஷம், நன்றாகக் கவனித்தால் இன்னும் கொஞ்சம். ஆனால் அந்த ஆயுசு முழுவதும் நம் கண்ணெதிரே நடக்கிறது. குட்டியாக நாலைந்து வாங்கிவிட்டால் தானே ஜோடி சேரும். சேர்ந்ததும் மற்றவற்றை மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் துரத்தியே கொன்றுவிடும். சிறு பிவிசி குழாய்த் துண்டைப் போட்டால் உள்சுவரில் முட்டை ஒட்டும், ஆண் காவல் இருக்கும். ஒரு வாரத்துக்குச் சற்று முன்பின்னாகப் பொரியும். ரோட்டிஃபர் என்ற நுண்ணிரையைக் கொடுத்து வளர்த்தால், ஒரு மாதத்துக்குள் குஞ்சுகள் நீலக்கோட்டோடு கண்ணாடியில் ஒட்ட ஆரம்பிக்கும். ஃப்ளோரிடாவில் மார்ட்டின் மோ போன்றவர்கள் 1970-களிலேயே இதை வியாபார அளவில் செய்துகாட்டிவிட்டார்கள்.

நம் ஊரில் கோமாளி மீன் குஞ்சு பொரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ரோட்டிஃபர், பாசி வளர்ப்பு, குஞ்சுத் தொட்டி எல்லாம் அவர்களிடம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்படியிருந்தும் வரிக்கு வரி புதுப்புது டிசைனில் கோமாளி மீனையே பெருக்குகிறார்கள். அதில் ஒரு தொட்டியை ஒதுக்கி நல்ல ஓஷியனாப்ஸ் ஜோடி ஒன்றை விட்டால், கடலிலிருந்து பிடித்த கிளீனர் ராஸை வாங்க யாரும் கடைக்குப் போக வேண்டியதில்லை.