‘சொன்னபடி கேட்காதவர்’ நீக்கப்பட்டார்

நிமோனியா என்று மருத்துவர் எழுதிவிட்டுப் போன பிறகு, செவிலியர் கண்டறிய என்ன மிச்சம்? நிறைய இருக்கிறது. நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. இருமித் துப்ப நோயாளிக்குத் தெம்பில்லை. இதைத்தான் செவிலியர் கண்டறிதல்களைத் தொகுக்கும் நாண்டா பட்டியல் ‘சுவாசப் பாதையைச் சுத்தமாக வைத்துக்கொள்ள இயலாமை’ என்கிறது. பிரச்சினை, காரணம், கண்ணில் படும் அறிகுறி மூன்றையும் சேர்த்து எழுதிவிட்டால், நிமிர்த்தி உட்கார வைப்பதா, இருமக் கற்றுக்கொடுப்பதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். கிருமிக்கு மருந்து எழுதுவது மருத்துவர் பாடு; இது செவிலியர் பாடு.

1973இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் கிறிஸ்டின் கெபியும் மேரி ஆன் லேவினும் கூட்டிய மாநாட்டில் தொடங்கியது இந்தப் பட்டியலிடும் வேலை. அன்றிலிருந்து திருத்தம் ஓயவில்லை. 2021–2023 பதிப்பில் 267 கண்டறிதல்கள். பழைய பதிப்பை உருப்போட்ட மாணவிக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் ‘விழும் அபாயம்’ அந்தப் பதிப்பில் பெரியவருக்கும் குழந்தைக்கும் தனித்தனியாகப் பிரிந்தது நியாயமே. முதியவர் நள்ளிரவில் கழிப்பறைக்கு எழும்போது விழுகிறார். குழந்தை, தடுப்பு ஏற்றாத கட்டிலிலிருந்து விழுகிறது. இரண்டுக்கும் ஒரே திட்டம் எப்படிப் பொருந்தும்?

2018–2020 பதிப்பில் ‘சிகிச்சைக்கு இணங்காமை’ நீக்கப்பட்டது இன்னும் நல்ல காரியம். மாத்திரை வாங்கக் காசில்லாதவர், தலைசுற்றுகிறதென்று நிறுத்தியவர், எப்படிச் சாப்பிடுவதென்றே புரியாதவர், எல்லோரையும் ஒரே குற்றப்பத்திரிகையில் அடைத்த பெயர் அது. கண்டறிதல் என்ற போர்வையில் வசவு.

இதே கறார் எல்லா இடத்திலும் இல்லை என்பதுதான் என் குறை. 1994இல் ‘ஆற்றல் புலக் குலைவு’ பட்டியலில் ஏறியது. உடலைச் சுற்றி ஒரு புலம் உண்டு, கையால் உணர்ந்து சரிசெய்யலாம் என்ற நம்பிக்கை அதற்குப் பின்னால். எமிலி ரோசா என்ற சிறுமி ஒன்பது வயதில் தொடங்கிய சோதனை 1998இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வெளியானது. அந்தச் சிகிச்சை செய்யும் 21 பேர் திரைக்குள் கைகளை நீட்ட, எந்தக் கைக்கு அருகே தன் கை இருக்கிறது என்று கேட்டாள். சரியான விடை 44 சதவீதம். பூவா தலையா போட்டிருந்தால்கூட 50 தேறியிருக்கும்! இருந்தும் அது ‘ஆற்றல் புலச் சமநிலையின்மை’ என்ற புதிய பெயரில் 2021–2023 பதிப்பிலும் உட்கார்ந்திருந்தது.

ஆக, ‘புதிய பதிப்பில் இருக்கிறது’ என்பது மட்டும் ஆதாரமாகாது. பல கண்டறிதல்களுக்குப் பக்கத்தில் சான்று நிலை எண் ஒன்று அச்சாகியிருக்கும். மாணவியின் கேர் பிளானை (பராமரிப்புத் திட்டத்தை) திருத்தும் ஆசிரியர் வாசகம் புத்தகத்தில் உள்ளபடி இருக்கிறதா என்று பார்ப்பதோடு, அந்த எண்ணையும் கேட்கலாம். கட்டிலில் கிடப்பவரிடம் அந்த அறிகுறி இருக்கிறதா என்று அதற்கும் முன்னால் கேட்கலாம்.