புறஞ்சேரியும் புறநோயாளியும்

என் முன்னால் ஒரு மஞ்சப்பை இருக்கிறது. அதற்குள் பத்து வருசத்துக்கு மேற்பட்ட ஓ.பி. சீட்டுகள். மடித்து மடித்து நாலாகக் கிழிந்தவை, வேர்வை பட்டு எழுத்து கலைந்தவை, மழையில் நனைந்து ஒட்டிப்போனவை. எல்லாம் என் அண்ணனுடையவை. நாவலுக்கும் கவிதைத் தொகுப்புக்கும் நாம் விமர்சனம் எழுதுகிறோம். இந்த முறை இந்தச் சீட்டுகளையே ஒரு பிரதியாக எடுத்து வாசித்தால் என்ன என்று தோன்றியது. இதிலும் ஒரு பாத்திரம் உண்டு, ஒரு கதைசொல்லி உண்டு. பாத்திரத்தைப் பேச விடுவதில்லை. கதைசொல்லிக்கு நேரமில்லை.

பிரதியில் என்ன இருக்கிறது? பெயர், வயது, ஆணா பெண்ணா, ஊர். அதற்குக் கீழே தேதி. தேதிக்குக் கீழே மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், காலைக்கு எத்தனை, ராத்திரிக்கு எத்தனை. பெரும்பாலான பக்கங்களில் ஒரே ஒரு வரிதான். இங்கிலீசில் கிறுக்கியிருக்கும்: அதே மருந்து தொடரவும். முதல் சீட்டில் மட்டும் கூடுதலாக மூன்று சங்கதிகள் உண்டு. தூக்கமில்லை, காதில் குரல் கேட்கிறது, யாரோ கொல்ல வருவதாக மருட்சி. இந்த மூன்றையும் விட்டால் இத்தனை வருசத்துப் பிரதியில் என் அண்ணன் எங்கேயும் இல்லை.

எங்கள் வளவு பரமத்தி வேலூர் பக்கம், காவிரிக்கும் ராஜா வாய்க்காலுக்கும் நடுவே. சுற்றிலும் வாழை, தென்னை, வெற்றிலைக் கொடிக்கால். ஒன்றிலும் எங்களுக்கு ஒரு செண்ட் கிடையாது. அண்ணனுக்குக் கொடிக்கால் வேலை. அகத்தி மரத்தில் ஏணி சாத்தி ஏறி வெத்தலை கிள்ளணும். நூறு வெத்தலை ஒரு கவுளி. நூற்றி நாலு கவுளி சேர்ந்தால் ஒரு சுமை. விரல்தான் அவனுக்கு மூலதனம்.

ஓ.பி. நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மனநல டாக்டர் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். விடியக்காலையில் கிளம்பி, பஸ் மாறி, சீட்டு வாங்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, மாத்திரை வாங்க இன்னொரு வரிசை. திரும்பி வர வெயில் சாய்ந்துவிடும். அன்றைக்கு அண்ணன் கூலியும் போச்சு, கூடப் போகிற என் கூலியும் போச்சு. மாத்திரை இலவசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதை வாங்க இரண்டு பேர் கூலி கட்டியாக வேண்டும் என்று எந்தத் திட்ட அறிக்கையிலும் வரவு செலவு எழுதமாட்டார்கள்.

வரிசையில் மூன்று மணி நேரம். அறைக்குள் இரண்டு நிமிசம். 'தூங்கறானா? சாப்பிடறானா? மாத்திரை போடறானா?' மூன்று கேள்வியும் என்னிடம். அண்ணன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பான். அவனிடம் கேட்டால் பதில் சொல்லக்கூடியவன். மாடு வைத்தியத்துக்கு ஓட்டிப்போனால் மாட்டிடமா கேட்பார்கள்? ஓட்டி வந்தவனிடம்தானே கேட்பார்கள். அந்த டாக்டர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு வெளியே இன்னும் நூறு பேர் நிற்கிறார்கள். ஒருவர் மேல் பழிபோட்டு முடிக்கிற விசயமாக இருந்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. அதனால்தான் ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை.

இப்போது அந்த மூன்றாவது சங்கதிக்கு வருகிறேன்: யாரோ கொல்ல வருவதாக மருட்சி. அண்ணன் சொன்ன வாக்கியம் அது இல்லை. அவன் சொன்னது, 'டே தம்பி, ஊர்க்காரனுக நம்ம வளவுக்குள்ள வந்துருவானுக. என்னையக் கொண்டுபோயி தண்டவாளத்துல போட்டுருவானுக.' 2015 ஜூன் மாதம் ஓமலூரைச் சேர்ந்த தலித் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் திருச்செங்கோட்டு மலைக்கோயிலில் வேறு சாதித் தோழியோடு பேசிக்கொண்டிருந்தவர், அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. இது நீதிமன்றம் உறுதி செய்த உண்மை. எங்கள் மாவட்டத்து உண்மை. அதே வருசத்தில் எங்கள் வளவில் ஒருத்தன் ராத்திரி தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தான் என்றால், அது சீட்டில் வெறும் மருட்சி என்று இறங்குகிறது.

தோழர்கள் இங்கே அவசரப்படக்கூடாது. 'பார், அவனுக்கு நோயே இல்லை, சமூகத்துக்குத்தான் நோய்' என்று கைதட்டிவிட்டுப் போவது ரொம்பச் சுலபம். அண்ணனுக்கு நோய் இருந்தது. அணைத்துவைத்த ரேடியோ அவன் பேர் சொல்லித் திட்டியது. அம்மா போட்ட சோற்றில் விசம் என்று தட்டை வீசினான். மாத்திரை சாப்பிட்ட சில வாரத்தில் அந்தக் குரல் அடங்கியது. அந்த மாத்திரையை நான் கும்பிடுகிறேன். ஆனால் குரல் அடங்கிய பிறகும் பயம் இருந்தது. ஏனென்றால் பயத்துக்குக் காரணம் வெளியே இருந்தது. நோயும் நிஜம், பயமும் நிஜம். இரண்டையும் பிரித்துப் பார்க்கிற நிதானம்தான் வைத்தியம். அதற்கு இரண்டு நிமிசம் போதாது. ஒரு நண்பர் கேட்டார், 'ஆஸ்பத்திரியிலயும் சாதி கேக்கணும்ங்கிறியா?' சாதி கேட்க வேண்டாம். என்ன நடந்தது என்று கேட்டால் போதும். சாதி தானாக வந்து உட்காரும்.

அடுத்தது கை நடுக்கம். இந்த வகை மாத்திரைகள் சிலருக்குக் கையை நடுங்க வைக்கும், உடம்பை விறைக்க வைக்கும், எச்சில் ஒழுக வைக்கும், பகலெல்லாம் தூக்கம் தள்ளும். நடுக்கத்துக்குத் தனி மாத்திரை உண்டு, அளவைக் குறைக்கவும் வழி உண்டு. டாக்டர்களுக்கு இது தெரியாத விசயமில்லை. ஆனால் நடுங்குகிற விரலால் வெத்தலையைக் கிள்ளினால் காம்பு கிழிகிறது. தூக்கக் கலக்கத்தில் ஏணி ஏறினால் கீழே விழ வேண்டியதுதான். கொடிக்கால்காரர் சொன்னார், 'ஏண்டா, மாத்திரை திங்கறவனுக்கு எப்புடிடா முழுக்கூலி குடுக்கறது?' அரைக்கூலி ஆயிற்று. அண்ணன் மாத்திரையை நிறுத்தினான். கூலி முழுசாக வந்தது, குரலும் திரும்பி வந்தது. அந்த மாதச் சீட்டில் எழுதியிருக்கிறது: ஒழுங்காக மருந்து உட்கொள்வதில்லை. பத்து வருசத்துப் பிரதியில் அண்ணனைப் பற்றி எழுதப்பட்ட ஒரே குணச்சித்திரம் இதுதான். அரைக்கூலிக்கு அதில் இடமில்லை.

இந்தப் புறநோயாளிப் பிரிவு எங்கிருந்து வந்தது? சென்னையில் பைத்தியக்காரர்களுக்கென்று விடுதி 1794இல் வந்தது. பிற்பாடு அதுவே கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி ஆனது. மனநோய் என்றால் மதிலுக்குள் அடைப்பது என்று இரண்டு நூற்றாண்டுகள் ஓடின. 1982இல் தேசிய மனநலத் திட்டம், 1996இல் அதன் கீழ் மாவட்ட மனநலத் திட்டம். தமிழ்நாட்டில் திருச்சியில் முதலில் தொடங்கியது. நோயாளி ஊரிலேயே இருக்கட்டும், மருந்து பக்கத்து ஊருக்கு வரட்டும் என்பது அதன் எண்ணம். நல்ல எண்ணம். அது எட்டாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு 2001 ஆகஸ்ட் 6 ஏர்வாடி சாட்சி. விடியற்காலையில் தீப்பிடித்தபோது, காலில் சங்கிலி போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். இன்று 2017ஆம் வருசத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதைத் தடைசெய்கிறது. சாதி, மதம், வர்க்கம் பார்க்காமல் சிகிச்சை பெறுவது உரிமை என்கிறது. தன் மருத்துவப் பதிவைப் பார்க்க நோயாளிக்கு உரிமை உண்டு என்கிறது. ஆனாலும் 2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, நோய்க்குத் தக்கபடி 70 முதல் 92 விழுக்காடு பேர் சிகிச்சைக்கு வெளியே நிற்பதாகச் சொன்னது.

எங்கம்மாவும் முதலில் கோடாங்கியிடம்தான் போனாள். அதைச் சொல்லிச் சிரிக்கிறவர்களுக்கு ஒரு தகவல். வேலாயுதம்பாளையம்புதூரில் முத்துசாமி கோயில் என்று ஒன்று. மனநோயாளிகள் உறவுக்காரர்களோடு வந்து வாரக்கணக்கில் தங்குகிற இடம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர் ரகுராமும் கூட்டாளிகளும் அங்கே தங்கியவர்களை ஆராய்ந்து 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தது. விசேஷ மந்திரம் ஒன்றும் காரணமில்லை. மிரட்டாத, ஆதரவான ஒரு இடத்தில் இருந்ததுதான் காரணம் என்றார்கள். பகுத்தறிவாளர்கள் கோயிலைத் தூக்கிப்பிடிக்க வேண்டாம். நானும் பிடிக்கவில்லை. மிரட்டாத இடம் ஒன்று மருந்தைப் போல வேலை செய்யும் என்பதுதான் அதன் பாடம். எங்கள் ஆட்களுக்கு அப்படி ஒரு இடம் எங்கே? டீக்கடையா? ஊர்க் கோயில் திண்ணையா?

இன்னொரு பிரதியையும் வாசிக்கணும். மனநோயால் வந்த ஊனத்துக்குச் சான்று வாங்க ஒரு அளவுகோல் இருக்கிறது. தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை என்று நாலு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து நாலு வரை மதிப்பெண். அதோடு நோய் இருந்த காலத்தையும் சேர்ப்பார்கள். 40 விழுக்காடு வந்தால் சான்று. 'பிறரோடு பழகுறாரா?' என்று கேட்டார்கள். ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்கவே யோசித்து வளர்ந்தவன் யாரோடு பழகுவான்? நோய் ஒதுக்கியது எவ்வளவு, ஊர் ஒதுக்கியது எவ்வளவு என்று பிரிக்க அந்தத் தாளில் கோடு இல்லை. இரண்டையும் சேர்த்து அண்ணன் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

இனி நம் பக்கம் வருவோம். 90களில் நம் சிறுபத்திரிகைகள் ஃபூக்கோவைக் கொண்டுவந்தன. 1961இல் அவர் எழுதிய பைத்தியத்தின் வரலாற்றை வைத்து, மனநோய் விடுதியின் மதில்களைக் கட்டுடைத்தோம். தேவையான வேலைதான். ஆனால் எங்கள் வளவுக்கு அந்த மதில் வந்து சேரவேயில்லை. எங்களுக்குப் பிரச்சினை அடைத்து வைத்தது இல்லை. பஸ்ஸும் கூலியும் இரண்டு நிமிசமும். கோபிகிருஷ்ணன் 'உள்ளேயிருந்து சில குரல்க'ளில் மனநல விடுதியின் உள்ளே இருப்பவர்களைப் பேச விட்டார். தமிழில் அதற்கு ஈடாக இன்னொன்றை நான் பார்த்ததில்லை. வெளியே இருந்து வந்து போகிறவர்களின் குரலை யார் எழுதினார்கள்? 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்ததிலிருந்து, பட்ட பாட்டைச் சொல்வதே இலக்கியம் என்று நாம் நிலைநாட்டினோம். ஆனால் பட்ட பாட்டில் புத்தி பேதலித்தவனை மட்டும் நாமும் வாசலில் நிறுத்தினோம். 'ஏற்கனவே நம்மள ஒரு மாதிரி பாக்குறானுக, இதையும் எழுதணுமா' என்ற கூச்சம். ஊர் நம்மைப் புறஞ்சேரியில் வைத்தது. நாம் அவனைப் புறஞ்சேரிக்கும் புறத்தே வைத்தோம். இந்தக் குற்றச்சாட்டில் முதல் ஆள் நான். கூட்டங்களில், 'அண்ணன் எப்படி இருக்கார்' என்று கேட்டால், 'வெளியூர்ல வேலை' என்று சொல்லியிருக்கிறேன்.

ஃபனானைக் கறுப்பர் விடுதலைக்காகப் படிக்கிறோம். அவர் மனநல டாக்டர் என்பதை மறந்துவிடுகிறோம். 1953 முதல் அல்ஜீரியாவின் பிளிடா விடுதியில் வேலை பார்த்தார். 1956இல் ராஜினாமா செய்தார். பிறகு துனிஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் பகல்நேர மருத்துவமனை ஒன்றை நடத்தினார். நோயாளி காலையில் வருவார், சாயங்காலம் வீட்டுக்குப் போவார். மோதல் எங்கே நடக்கிறதோ அந்த இடத்தோடு நோயாளிக்குத் தொடர்பு அறுபடக்கூடாது என்பது அவர் கருத்து. புறநோயாளி என்பதற்கு அவர் கொண்ட பொருள் அது. வெளியே அனுப்புவது மட்டும் போதாது, வெளியே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அனுப்ப வேண்டும்.

போன மாசம் ஒரு சின்ன டாக்டரம்மா இருந்தார். வேலைக்குப் புதுசு போல. என்னைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்து, 'நீங்க என்னங்க வேலை பண்றீங்க?' என்றார். நீங்க என்றார். அண்ணன் முதலில் என்னைப் பார்த்தான். பிறகு வெத்தலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். வெள்ளைக்கொடிக்கும் கற்பூரிக்கும் வித்தியாசம், ஏணி, காம்பு, விரல், அரைக்கூலி. பத்து நிமிசம். வெளியே வரிசை முணுமுணுத்தது. அந்தம்மா ஏதோ எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது பிரித்துப் பார்த்தேன். 'வேலை: வெற்றிலை கிள்ளுதல். கை நடுக்கம். காலை மருந்து இரவுக்கு மாற்றம், அளவு குறைப்பு.'

இந்தப் பை முழுவதிலும் விமர்சகனாக நான் பாராட்டக்கூடிய ஒரே பத்தி இதுதான். முதல் முறையாகப் பாத்திரம் பேசியிருக்கிறது, கதைசொல்லி கேட்டிருக்கிறார். இது ஒரு நல்ல மனுசியின் தயவாக நின்றுவிடக்கூடாது. வேலை என்ன, கூலி என்ன, ஊரில் என்ன நடந்தது, மருந்து உடம்பை என்ன செய்கிறது என்ற நாலு கேள்வியும் எல்லாச் சீட்டிலும் அச்சாக வேண்டும். பதில் நோயாளி வாயிலிருந்து, தமிழில் எழுதப்பட வேண்டும். டாக்டர் எண்ணிக்கை அதற்குத் தக்கபடி கூட வேண்டும். அரசாங்கத்திடம் இதைக் கேட்போம். நம் பத்திரிகைகளிடமும் கேட்போம்: உங்கள் வளவில் மஞ்சப்பையோடு பஸ்ஸுக்கு நிற்கிறவர் ஒருத்தராவது இருப்பார். அவரிடம் போய் உட்காருங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள்.

நான் அண்ணனிடம் இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டுச் சொன்னான்: 'கவுளிக்கு நூறுன்னு எழுதியிருக்கறயல்ல, அது சரிதான். தட்டு வீசுனதையும் எழுதிப்போட்டயா? சரி, இருக்கட்டும். நடந்ததுதான.'