இலுப்பைக்கடவையின் வீச்சுவலை

மன்னார் மாவட்டத்தில், பூநகரிக்குச் செல்லும் ஏ-32 வீதியில் உள்ள கரையோர ஊர் இலுப்பைக்கடவை. அதன் மேற்கே விரியும் பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். கரையோரத்தில் இடுப்பளவு நீரில் நெடுந்தூரம் நடக்கலாம். இத்தகைய நீருக்கென்றே அமைந்த கருவி வீச்சுவலை.

வட்டமான இந்த வலையின் விளிம்பெங்கும் ஈயக்குண்டுகள் கோக்கப்பட்டிருக்கும். நடுவிலிருந்து வரும் கயிற்றின் நுனி வீசுபவரின் மணிக்கட்டில் சுற்றப்படும். முன்பு பருத்தி நூலில் முடியப்பட்ட வலை இன்று நைலோனுக்கு மாறிவிட்டது. இறாலுக்குச் சிறு கண், பெரிய மீனுக்கு அகன்ற கண்.

வீச்சில்தான் கலை இருக்கிறது. வலையின் ஒரு பகுதி முழங்கையில் தொங்கும். மறுபகுதி கையில் இருக்கும். உடலைத் திருப்பி எறிந்ததும் அது காற்றில் வட்டமாக விரிந்து, விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் நீரைத் தொடவேண்டும். ஒரு பக்கம் முந்தினால் மீன் தப்பிவிடும். ஈயம் தரை தொட்டபின் கயிற்றை மெல்ல இழுக்க, விளிம்பு ஒடுங்கி மீனை உள்ளே அடைக்கும்.

நீர்மேல் தெரியும் சிறு சலனத்தைக் கொண்டே மீன்கூட்டம் செல்லும் திசை கணிக்கப்படுகிறது. மணலில் புதைந்த திருக்கை விலகிப்போகக் காலைத் தேய்த்து நடப்பது வழக்கம்.

வீச்சுவலைக்கு இயந்திரமோ எரிபொருளோ வேண்டாம். இழுவைமடியைப்போல் அது கடற்றரையை உழுது அழிப்பதுமில்லை. ஆழமற்ற கடலுக்கு இதைவிடப் பொருத்தமான தொழில்முறை அரிது.